மீத்தேனும் வேதியியல் நண்பனும்

ஆகஸ்ட் 3, ஞாயிறு

டிபன் சப்பாத்தி என்று நினைத்து உட்கார்ந்தேன். மாவு சாப்பிட இல்லையாம், வீடியோவுக்காம்.

சமையல் மேடையில் ஒரு தட்டு. அதில் கேழ்வரகு மாவு ஒரு உருண்டை, கோதுமை மாவு மூன்று உருண்டை. மகள் வர்ஷா போனைப் பிடித்துக்கொண்டிருந்தாள். என் மனைவி தேவி கேழ்வரகைக் காட்டி, எலக்ட்ரான் குடியிருக்கும் எஸ் ஆர்பிட்டால் என்றாள். கோதுமை மூன்றும் பி ஆர்பிட்டால்களாம். நான்கையும் சேர்த்துப் பிசைந்து ஒரே உருண்டையாக்கி, கத்தியால் நான்காக வெட்டினாள்.

"பாத்தியா, நாலும் இப்ப ஒரே கலரு. எது கேவுரு, எது கோதுமைன்னு சொல்லு பாக்கலாம்? முடியாது. இதான் எஸ்பி3 இனக்கலப்பு. நாலு போட்டோம், நாலுதான் வந்துகீது. கூடவும் இல்ல, கொறையவும் இல்ல."

இதை நடத்த எனக்கு இரண்டு பீரியட் ஆகும். அவளுக்குக் குக்கர் மூன்று விசில் விடும் நேரம் போதுமாக இருந்தது.

எங்கள் எம்.எஸ்சி. வகுப்பில் தேவிப்பிரியாதான் முதலாவது. நான் மூன்றாவது. கல்யாணம் ஆனபிறகு பூந்தமல்லியில் ஒரு சின்னப் பள்ளியில் வேலை பார்த்தாள். கொரோனாவில் அந்தப் பள்ளி மூடியதிலிருந்து வீட்டில்தான் இருக்கிறாள். மே மாதம் ஏதோ பொழுதுபோக்கு மாதிரிதான் இந்த யூடியூப் சேனலை ஆரம்பித்தாள். கரையான்சாவடியில் பிறந்து வளர்ந்தவள், வீட்டில் பேசுகிற மாதிரியே அதிலும் பேசுகிறாள். "கெமிஸ்ட்ரியை இப்படியா பேசுறது?" என்றேன். "வேற எப்படிப் பேசுறது, கோயில்ல மந்திரம் சொல்றாப்லயா?" என்றாள்.

அம்பத்தூரில் நான் பத்தொன்பது வருடமாக பிளஸ் ஒன், பிளஸ் டூ எடுக்கிறேன். கெமிஸ்ட்ரி என்றால் கிருபாகரன் சார் என்று இந்தப் பக்கம் சொல்வார்கள்.

அந்த மாவையே பிறகு தேய்த்துப் போட்டாள். நன்றாகத்தான் இருந்தது. அதை மட்டும் சொன்னேன்.

ஆகஸ்ட் 14

யூனிட் டெஸ்ட் பேப்பர் கொடுத்தேன். பாதிப் பேருக்குச் சிவப்பு மையில் "அடிப்படையே ஆட்டம்" என்று எழுதியிருந்தேன். வாங்கிக்கொண்டு போன கனிமொழி என்ற பெண் திரும்பி வந்து கேட்டாள்: "சார், நீங்க தேவிப்பிரியா மேடம் ஹஸ்பண்டா?"

பேப்பரில் கேட்பதற்கு அவளுக்கு ஒன்றுமே இல்லையா? பன்னிரண்டு மார்க்!

ஆகஸ்ட் 24, ஞாயிறு

இன்று புடவை.

துவைத்த புடவையை மடிக்க இரண்டு பேர் வேண்டும் அல்லவா, தேவி ஒரு முனை, வர்ஷா ஒரு முனை. போனைப் பிடிக்கும் வேலை எனக்கு. முதலில் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் மேலே தூக்கினார்கள். புடவை நடுவில் உப்பிக்கொண்டு எழுந்தது.

"இவ ஒரு அணு, நான் ஒரு அணு. ரெண்டு பேரும் ஒத்துப் போய் ஆட்டினா நடுவுல பொடைச்சுகினு வருது பாரு. எலக்ட்ரானு அங்கதான் அதிகமா கீது. நடுவுல நின்னுகினு ரெண்டு பக்கத்தையும் இழுத்துப் புடிக்குது. இது பிணைப்பு ஆர்பிட்டால்."

பிறகு ஒருத்தி தூக்கும்போது மற்றவள் இறக்கினாள். நடுவில் ஓர் இடம் மட்டும் ஆடாமல் அப்படியே நின்றது.

"இப்ப நடுவுல ஒண்ணுமே இல்ல. புடிச்சு வைக்க ஆளு இல்ல. இது எதிர்பிணைப்பு, பக்கத்துல ஒரு ஸ்டார் போட்டு எழுதுவோம். நல்லா கேட்டுக்கோ. ரெண்டு ஆர்பிட்டால் சேந்தா ஒண்ணு வரும்னு எழுதிட்டு வந்துடாத. ரெண்டு போட்டா ரெண்டு வரணும். ஒண்ணு ஆற்றல் கொறைஞ்சு கீழ எறங்கும், ஒண்ணு மேல ஏறும்."

ஒண்ணு இறங்கும், ஒண்ணு ஏறும். இதை எங்கள் வீட்டோடு பொருத்திப் பார்க்கத் தோன்றியது. பாடத்தை அப்படியெல்லாம் இழுக்கக் கூடாது என்று நானேதான் பிள்ளைகளைத் திட்டுவேன்.

சாயங்காலம் அந்த வீடியோவை மூன்று தடவை பார்த்தேன். தப்பு தேடித்தான் பார்த்தேன், எதற்கு மறைக்க வேண்டும். ஒன்றும் இல்லை. நான் இத்தனை வருடமும் போர்டில் இரண்டு வட்டம் போட்டு உள்ளே கூட்டல் குறி, கழித்தல் குறி போட்டுக் காட்டியது இதைத்தான். ஒருத்தனும் எனக்குக் கை தட்டியதில்லை.

செப்டம்பர் 6

சென்னீர்குப்பத்தில் புதிதாக ஒரு நீட் கோச்சிங் சென்டர் வந்திருக்கிறது. நடத்துபவர் பெயர் ஜானகிராமன். சனி ஞாயிறு கெமிஸ்ட்ரிக்கு ஆள் வேண்டும் என்று கேள்விப்பட்டு ஜூன் மாதமே போய்ப் பார்த்தேன். காபி கொடுத்தார். "சொல்லி அனுப்புறேன் சார்" என்றார்.

இன்று போன் வந்தது. தேவிக்கு.

கெமிஸ்ட்ரி எடுக்க வரச் சொல்லி அவர் பேசியது ஸ்பீக்கரில் கேட்டது. "உங்க சாரும் கெமிஸ்ட்ரிதானே மேடம்? வந்து பார்த்தாரு. ரொம்ப தன்மையான மனுஷன்." தன்மையான மனுஷன்! மூன்று மாதம் கழித்து எனக்குக் கிடைத்த பதில் இது.

நான் அங்கே போய்க் கேட்டது தேவிக்குத் தெரியாது. போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். "ஏன் சொல்லல?" என்றாள். மறந்துவிட்டேன் என்றேன்.

செப்டம்பர் 7

வாழ்த்துச் சொன்னேன். கை கொடுத்தேன். பக்கத்து பிளாட்டுக்காரர்களுக்கு ஸ்வீட் வாங்கிக் கொடுத்ததுகூட நான்தான். பாதாம் அல்வா என் வாயில் மட்டும் கசந்தது.

பொறாமை. எழுதிவிட்டேன். பெண்டாட்டி மேல் பொறாமைப்படுகிற ஆண்பிள்ளை.

அவளுக்கு நல்லது நடக்கக் கூடாது என்று நினைக்கிறேனா? இல்லை. அவளுக்கு நடக்கட்டும், எனக்கும் கொஞ்சம் நடக்கட்டும். எனக்கு நடக்காவிட்டால் — அவளுக்கும் நடக்க வேண்டாம். இதுதான் உண்மை. எவ்வளவு சின்ன புத்தி!

செப்டம்பர் 17

மாட்டினாள்!

இன்றைய வீடியோ மீத்தேன். ஒரு கார்பன், நான்கு ஹைட்ரஜன். கார்பனின் நான்கு கலப்பு ஆர்பிட்டாலும் நான்கு ஹைட்ரஜனோடு மேற்பொருந்தி நான்கு பிணைப்பு, நான்கும் ஒரே நீளம், ஒரே கோணம். அதுவரை சரி. அதற்கப்புறம் சொல்கிறாள்: "ஆனா மீத்தேன்லேந்து எலக்ட்ரானை ஒளி அடிச்சு வெளிய தள்ளிப் பாத்தா, எல்லாத்துக்கும் ஒரே ஆற்றல் ஆவாது. ரெண்டு வகை வருது."

அதெப்படி? ஆகஸ்டில் இவளேதானே மாவை நான்காக வெட்டி நான்கும் சமம் என்று காட்டினாள்? சமமாக வெட்டிய துண்டுக்கு எப்படி இரண்டு விலை வரும்? பாடநூலில் எங்கே இருக்கிறது இது? புத்தகத்தின் பின்பக்கக் கேள்விகளில் இருக்கிறதா? பப்ளிக் பரீட்சையில் என்றைக்காவது வந்திருக்கிறதா? பிள்ளைகள் இதை எழுதிவிட்டு வந்தால் மார்க் யார் கொடுப்பார்கள்?

அவள் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். போய்க் கேட்டிருக்கலாம். பால்கனிக் கதவுவரை போனேன். அயனம்பாக்கம் ஏரிப் பக்கமிருந்து நல்ல காற்று. அவள் ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டிருந்தாள், சந்தோஷமாக இருந்தாள்.

திரும்பி வந்துவிட்டேன்.

செப்டம்பர் 18

மூன்றாவது பீரியட் எனக்கு ஓய்வு. ஸ்டாஃப் ரூமில் யாரும் இல்லை. யூடியூபில் புதிதாக ஒரு கணக்கு ஆரம்பித்தேன். பெயர் "வேதியியல் நண்பன்". மீத்தேன் வீடியோவுக்குக் கீழே எழுதியது:

"தவறான தகவல். எஸ்பி3 கலப்பு ஆர்பிட்டால்கள் நான்கும் சமம். எனவே நான்கு பிணைப்புகளின் ஆற்றலும் சமம். பாடநூலைப் பார்க்கவும். உங்களை நம்பிப் படிக்கும் மாணவர்கள் கதி என்ன? அடிப்படையே ஆட்டம்."

போட்டுவிட்டு கேன்டீனில் இரண்டு வடை சாப்பிட்டேன். ரொம்ப நாளைக்குப் பிறகு நல்ல பசி.

செப்டம்பர் 20

நிறைய பேர் அதற்கு லைக் போட்டிருக்கிறார்கள். "எங்க மிஸ்ஸும் நாலும் சமம்னுதான் சொன்னாங்க" என்று ஒரு பையன். "மேடம் பதில் சொல்லுங்க" என்று நான்கைந்து பேர். வேறு சிலர் என்னைத் திட்டியிருக்கிறார்கள் — அதாவது நண்பனை. அதில் ஒன்று: "புக்கை மனப்பாடம் பண்ண கிழம் ஒண்ணு வந்துட்டுது."

கிழமா!

தேவி கீழே எழுதியிருக்கிறாள்: "கேள்வி கேட்டவரைத் திட்டாதீங்க. நல்ல கேள்வி. பதில் சொல்றேன்." வீட்டில் அதைப் பற்றி மூச்சு விடவில்லை. ரசம் வைத்தாள். வர்ஷாவுக்குத் தலை பின்னினாள். நானும் ஒன்றும் தெரியாதவன் மாதிரி ரசத்துக்கு உப்பு சரியாக இருக்கிறது என்றேன்.

செப்டம்பர் 22

முகமது ஆசிக் எங்கள் பள்ளியில் பிஸிக்ஸ். டீக்கடையில் நிற்கும்போது போனை நீட்டினார்.

"இன்னா அண்ணாத்தே இது?"

"யாரோ ஒருத்தர் டவுட் கேட்டிருக்கார்" என்றேன்.

"யாரோவா? அடிப்படையே ஆட்டம்னு இந்த உலகத்துல இன்னொரு ஆளு எழுதுவானா? பேரை மாத்துன, கையெழுத்தை மாத்தலியே. பிளஸ் ஒன் பசங்க பூரா சிரிச்சுகினு கீதுங்கோ."

டீ ஆறிப்போனது. ஆசிக் குரலைத் தாழ்த்தி இன்னொன்றும் சொன்னார். "அதுகூட போவட்டும். அண்ணி சொல்றது கரெக்டு அண்ணாத்தே. நான் பிஸிக்ஸ்காரன், எனக்கே தெரியுது. நீ போய் புக்கைப் பாரு."

செப்டம்பர் 23

பார்த்தேன்.

பரணிலிருந்து எம்.எஸ்சி. புத்தகத்தை இறக்கினேன். தேவியும் வர்ஷாவும் கடைக்குப் போயிருந்தார்கள். படம் அதில் இருக்கிறது, மீத்தேனுக்கு இரண்டு மேடு. ஒன்று பெரியது, ஒன்று தள்ளி, சின்னது. ஒளியால் எலக்ட்ரானைத் தட்டி எடுத்தால் வருவது இரண்டு ஆற்றல்கள்தான். அவள் சொன்னது சொன்னபடி.

கீழே பென்சிலில் கோடு போட்டிருக்கிறது. என் கோடு. இதை நான் படித்திருக்கிறேன், பரீட்சையும் எழுதியிருக்கிறேன். பத்தொன்பது வருடம் பிளஸ் ஒன் புத்தகத்தையே திருப்பித் திருப்பி நடத்தியதில் இது எப்போது என்னைவிட்டுப் போனது என்று தெரியவில்லை. போனது தெரியாமலேயே இருந்திருக்கிறேன்.

அவளுக்கு எப்படி நினைவிருக்கிறது? குழம்பும் கூட்டும் வைத்துக்கொண்டிருந்தவளுக்கு?

கமெண்டை எடுத்துவிடப் போனேன். எடுத்தால் ஓடிவிட்டான் என்று ஆகும். விட்டால் தப்பு நிற்கும். அப்படியே விட்டேன்.

செப்டம்பர் 25

ஜானகிராமன் தேவியைக் கூப்பிட்டிருக்கிறார். இரண்டு பெற்றோர் அந்தக் கமெண்டை அவரிடம் காட்டிக் கேட்டார்களாம், "இந்தம்மாவா எங்க பிள்ளைங்களுக்கு எடுக்கப் போறாங்க?" என்று. ஞாயிற்றுக்கிழமை வந்து சென்டர் ஆசிரியர்கள் முன்னால் விளக்க வேண்டும். அவர்களுக்குத் திருப்தியானால் வேலை. இல்லையென்றால் வேறு ஆள்.

இதைச் சொல்லும்போது தேவி கத்திரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். "அஞ்சு வருசம் கழிச்சு ஒரு வேலை வந்துச்சு" என்றாள்.

ஏன்டா கிருபாகரா, இப்படிப் பண்ணே? ஏன்டா? வேலைக்கே உலை வச்சிட்டியே. வடை வேற தின்ன.

"நான் கூட வரட்டுமா?" என்று கேட்டேன். நறுக்குவதை நிறுத்தி என்னைப் பார்த்தாள். "வா" என்றாள்.

செப்டம்பர் 28, ஞாயிறு

முழுவதும் எழுத வேண்டும்.

காலையில் ஸ்கூட்டரில் போனோம். சென்டரில் ஜானகிராமனோடு ஆறேழு ஆசிரியர்கள். நான் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தேன். தேவி மாவும் கொண்டுவரவில்லை, புடவையும் கொண்டுவரவில்லை. போர்டில் மீத்தேனை வரைந்தாள்.

"கார்பன்லேந்து நாலு கலப்பு ஆர்பிட்டால், ஹைட்ரஜன்லேந்து நாலு. எட்டு போட்டா எட்டு வரணும். நாலு கீழ எறங்கும், நாலு மேல ஏறும். எலக்ட்ரான் எட்டுதான், அது கீழ இருக்கிற நாலுலயே ரெண்டு ரெண்டா நெறைஞ்சுடும். இதுவரைக்கும் எல்லாரும் ஒத்துக்குவீங்க. அந்த நாலும் தனித்தனியா நாலு பிணைப்புக்குள்ள பூட்டிக் கெடக்குன்னு நெனைக்கிறோமே, அங்கதான் சிக்கல். எலக்ட்ரான் ஒரு வீட்ல மட்டும் வாடகைக்கு கீற ஆளு இல்ல. அப்பார்ட்மென்ட் பூரா அதுக்குச் சொந்தம்."

ஒரு ஆசிரியர் சிரித்துவிட்டார்.

"ஒரு பிணைப்பு இன்னொரு பிணைப்போட சேரும். எப்படிச் சேரும்னு காட்டறேன். நாலு பேர் வாங்க."

மூன்று பேர் எழுந்து வந்தார்கள். நான்காவது ஆளுக்குக் கடைசி பெஞ்சைப் பார்த்தாள். "சார், நீங்க வாங்க." வெளியிடங்களில் என்னை சார் என்றுதான் கூப்பிடுவாள்.

போனேன். நான் ஒரு பிணைப்பு. நான்கு பேரையும் கை தூக்கச் சொன்னாள். தூக்கினோம்.

"நாலு பேரும் ஒத்துப்போறாங்க. இப்படி நிக்க ஒரே ஒரு வழிதான். இதுதான் எல்லாத்தையும்விட ஆற்றல் கொறைஞ்சது. இப்ப ரெண்டு பேர் தூக்குங்க, ரெண்டு பேர் எறக்குங்க. முதல் ஆளு யாரோட ஜோடி சேரலாம்? ரெண்டாவது ஆளோட. இல்லன்னா மூணாவதோட. இல்லன்னா நாலாவதோட. மூணே வழி. மூணுக்கும் ஒரே ஆற்றல். அப்ப ஒண்ணு கீழ, மூணு கொஞ்சம் மேல. எலக்ட்ரானைத் தட்டி எடுத்தா ரெண்டு வகை ஆற்றல் வருதே, அது இதான். நாலு பேரும் அதே நாலு பேர்தான், உயரம் மாறல, நிக்கிற இடம் மாறல. பிணைப்பு நாலும் சமம்ங்கிறதும் நிஜம், ரெண்டு ஆற்றல்ங்கிறதும் நிஜம்."

கையைத் தூக்கிக்கொண்டு நிற்கும்போது எனக்கு அது புரிந்தது. புத்தகத்தில் பக்கத்தைத்தான் பார்த்தேன், இங்கே புரிந்தது. இத்தனை அழகாக ஒருத்தி சொல்கிறாள், அவள் என் மனைவி, அவளைப் பார்த்து என் வயிறு எரிகிறது. இரண்டும் சேர்ந்தே இருந்தன.

ஜானகிராமன் என்னைப் பிடித்துக்கொண்டார். "சார், நீங்க அம்பத்தூர்ல சீனியர். வீட்டு ஆளுன்னு பார்க்காம சொல்லுங்க. மேடம் சொல்றது சரியா, அந்தக் கமெண்ட் போட்டவர் சொல்றது சரியா?"

என் கை இன்னும் பாதி மேலே இருந்தது. இறக்கினேன். தேவி போர்டை அழித்துக்கொண்டிருந்தாள்.

"மேடம் சொல்றதுதான் சரி சார். அந்த ஆளு பாடப்புத்தகத்தைத் தாண்டிப் படிக்கிறதை எப்பவோ விட்டுட்டான்."

தேவி திரும்பவில்லை. அழித்து முடித்த போர்டையே மறுபடி அழித்துக்கொண்டிருந்தாள்.

வேலை கிடைத்துவிட்டது. அக்டோபரிலிருந்து.

வரும் வழியில் ஏரிக்கரை திரும்பும்போது வண்டியை நிறுத்தச் சொன்னாள். இறங்கி நின்றாள்.

"போட்ட அன்னைக்கே தெரியும்" என்றாள்.

வண்டிக்கு ஸ்டாண்ட் போட்டேன்.

"எத்தினி வருசமா உன் பேப்பர் கட்டைப் பாக்கறேன். அடிப்படையே ஆட்டம்! எவனோ திட்டியிருந்தா தொடைச்சுப் போட்டுட்டுப் போயிருப்பேன் கிருபா. நீ என்கூட ஒரே ஊட்ல கீற. டவுட்டுன்னா கேக்க வேண்டியதுதானே? சோறு துன்னும்போது கேக்கலாம், துணி காயப்போடும்போது கேக்கலாம். மூஞ்சை மூடிகினு ஊருக்கு நடுவுல வந்து கேட்ட."

"அது டவுட் இல்ல" என்றேன்.

"அப்புறம் இன்னாது?"

"பொறாமை."

லாரி ஒன்று போனது. அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அழுதாளா, தூசியா, தெரியவில்லை.

"எனக்கு வரலியா? நீ காலையில சட்டையை இன் பண்ணிகினு கெளம்புவ. நான் உன் கொஸ்டின் பேப்பரை டைப் அடிச்சுக் குடுத்துகினு வூட்ல உக்காந்துகினு இருந்தேன். தினம் வந்துச்சு கிருபா. தினம். நான் எவன் பேர்லயும் எழுதல."

ஏறி உட்கார்ந்தாள். வழக்கமாகத் தோளில் கை வைத்துக்கொள்வாள். இன்று பின்னால் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

செப்டம்பர் 29

அந்தக் கமெண்டுக்குக் கீழே எழுதினேன்: "நான் சொன்னது தவறு. மேடம் சொன்னதே சரி. — கிருபாகரன், வேதியியல் ஆசிரியர், அம்பத்தூர்."

வகுப்பில் ஒருவரும் சிரிக்கவில்லை. சிரித்திருக்கலாம்.

அக்டோபர் 2

பேச்சு இல்லை. வர்ஷா வழியாகத்தான். "அப்பாகிட்ட பொரி எடுத்துக்கச் சொல்லு."

அக்டோபர் 12, ஞாயிறு

இரண்டு வாரம் கழித்து நேராக என்னிடம் பேசினாள். "வர்ஷாவுக்குப் பரீட்சை. போனைப் புடிக்க ஆளு இல்ல."

பிடித்தேன். எத்திலீன். எஸ்பி2, ஒரு சிக்மா, ஒரு பை. பாதியில் எனக்கு நிஜமாகவே ஒரு சந்தேகம் வந்தது: கலப்பில் சேராமல் தனியாக நிற்கும் பி ஆர்பிட்டால் ஏன் பக்கவாட்டில்தான் சேர வேண்டும்? எனக்கு விடை தெரியும், ஆனால் அவள் சொன்ன விதத்தில் ஒரு பையனுக்கு அது புரியாது என்று தோன்றியது. வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

அவள் நிறுத்தினாள். "இன்னா, டவுட்டா?"

"ஒண்ணும் இல்ல."

"கேளு. ஓடிகினு இருக்கும்போதே கேளு. உன் சொந்தக் கொரல்ல."

கேட்டேன். பத்தொன்பது வருட வாத்தியார் பாஷையில், "மேடம், ஓர் ஐயம்" என்றுதான் வந்தது. அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டு பதில் சொன்னாள். வெட்டி எடுத்துவிடுவாள் என்று நினைத்தேன். அப்படியே போட்டுவிட்டாள்.

அக்டோபர் 21

தீபாவளி முடிந்து பள்ளிக்கூடம். கனிமொழி வராண்டாவில் நின்று, "மேடம், ஓர் ஐயம்!" என்று என் குரலிலேயே சொல்லிவிட்டு ஓடினாள். என்னை டவுட் சார் என்கிறார்களாம்.

கோபம் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. வராததும் கொஞ்சம் சந்தேகமாகத்தான் இருக்கிறது.

நவம்பர் 8

சனி ஞாயிறு அவள் சென்னீர்குப்பம் போய்விடுகிறாள். சமையல் நான். அவளைக் கொண்டுவிட்டுத் திரும்பும்போது சென்டர் வாசலில் அவள் படம் போட்ட பேனரைப் பார்த்தேன். கொஞ்சம் எரிந்தது. முன்பு மாதிரி இல்லை, ஆனால் எரிந்தது. அதையும் எழுதி வைக்கிறேன்.

பெட்ரோல் போட்டுக்கொண்டு வந்தேன். சாம்பார் அடிப்பிடித்துவிட்டது.

நவம்பர் 23, ஞாயிறு

கரையான்சாவடியில் காய்கறி வாங்கும்போது போனைப் பார்த்தேன். இப்போதெல்லாம் எல்லா வீடியோவிலும் நடுவில் கேள்வி கேட்பது நான்தான்; நேற்றுப் போட்ட ஆக்சிஜன் வீடியோவுக்குக் கீழே ஒரு கமெண்ட்:

"மேடம் சூப்பர். ஆனா டவுட் சார் அதுக்கும் மேல. அவர் கேக்கறதாலதான் எனக்குப் புரியுது. அவர் தனியா சேனல் ஆரம்பிச்சா முதல் ஆளா நான் சேருவேன்."

முருங்கைக்காய்க்காரர் இரண்டு தடவை கூப்பிட்ட பிறகுதான் நிமிர்ந்தேன். எழுதியது தென்காசிப் பக்கம் ஒரு பெண். பிளஸ் ஒன் படிக்கிறாள் போலிருக்கிறது. என் மாணவி இல்லை, எனக்குத் தெரிந்தவள் இல்லை, முகம்கூடப் பார்த்ததில்லை. பையைக் கையில் பிடித்துக்கொண்டு பஸ் ஸ்டாப் நிழலில் நின்று மறுபடி படித்தேன். தேவியிடம் காட்ட வேண்டும் என்றுதான் வேகமாக வந்தேன்.

மத்தியானம் சென்டரிலிருந்து வந்தவள் தரையில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். தண்டும் இலையும் ஒன்றாகப் பிய்ந்துகொண்டிருந்தன. தலை நிமிராமல் கேட்டாள்.

"அந்தக் கமெண்ட் நீ போட்டதுதானே?"

"எது?"

"டவுட் சார் அதுக்கும் மேலன்னு. தெரியாத மாதிரி கேக்காத."

"ஐயோ, நான் இல்ல தேவி."

"சும்மா சொல்லு. பழைய ஆளுதானே நீ."

போனை எடுத்தேன். அந்தப் பெண்ணின் பக்கத்தைத் திறந்து காட்டினால் போதும், ஒரு நொடி வேலை. அதற்குள் அவள் நிமிர்ந்து பார்த்துவிட்டாள். சிரிக்கிற மாதிரி வைத்துக்கொண்டிருந்தாள் முகத்தை. அந்தச் சிரிப்பு எனக்குத் தெரியும். செப்டம்பரில் பக்கத்து பிளாட்டுக்கு அல்வா கொடுக்கும்போது நான் வைத்துக்கொண்டிருந்தது. கை மட்டும் கீரையைப் பிய்த்துக்கொண்டே இருந்தது.

அவள் விசாரிக்கவில்லை. அது நானாக இருக்க வேண்டுமே என்று கேட்கிறாள்.

பத்தொன்பது வருடத்தில் எனக்கென்று ஒருத்தி எழுதிய ஒரே வரி. போனைச் சட்டைப் பையில் போட்டேன்.

"ஆமா" என்றேன். "நான்தான் போட்டேன்."

"தெரியும்!" என்று சத்தமாகச் சிரித்தாள். வர்ஷா உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தாள். "வெக்கமே இல்லியா உனக்கு? தனியா சேனல் வேற வேணுமாம் ஐயாவுக்கு!"

சிரித்துச் சிரித்து அவளுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பிய்த்துப் போட்டதிலிருந்து தண்டை ஒவ்வொன்றாக எடுத்துத் தனியே வைத்தாள். கீரைத் தட்டை என் பக்கம் தள்ளினாள். நானும் உட்கார்ந்து ஆய்ந்தேன்.